இடுப்புக் குழந்தையின் மூச்சு

பேருந்திலிருந்து இறங்கியதும் சரண்யா குடையை விரித்தாள். மகளுக்கும் சேர்த்துப் பிடித்தாள். நன்முல்லை ஒதுங்கி வெயிலிலேயே நடந்தாள்.

சித்தன்னவாசல் குன்று சாலையிலிருந்தே தெரிந்தது. மரம் அதிகமில்லாத பாறை. அடிவாரத்தில் நீளமான வெள்ளைக் கட்டடம் ஒன்று இருந்தது. குகையின் நகலை அதற்குள் செய்து வைத்திருந்ததால் அதை நகற்கூடம் என்றார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த வண்டிகள் அதன் வாசலில் நின்றன. குன்றின் மேலே போகும் படிகளில் யாரும் இல்லை.

படிகளின் முடிவில் குகை. சமணத் துறவிகளுக்காகக் குடைந்தது. நடக்கிற வழியில் எறும்பு மிதிபடக் கூடாது என்று மயிற்பீலியால் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருந்தது. மீன்கள், வாத்துகள், யானைகள், எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற அந்தச் சுண்ணப்பூச்சு, பார்க்க வந்தவர்களின் மூச்சில் உதிரத் தொடங்கியது. சுவர் இன்னும் எத்தனை மூச்சைத் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். அதை மக்களுக்குப் பங்கிட்டார்கள். ஒருவருக்கு ஆயுளில் ஒரு முறை.

வாசலில் கருவி இருக்கும். கைரேகை போல ஆளுக்கு ஆள் மூச்சுக்கும் ஒரு ரேகை உண்டு. அது பதிந்துவிட்டால் மறுபடி கதவு திறக்காது.

அதன் பிறகு மக்கள் மாறினார்கள். சிலர் தங்கள் முறையைத் திருமணத்துக்கு மறுநாள் செலவழித்தார்கள். சிலர் சாகும் தறுவாய்க்கென்று வைத்திருந்து, படியேற முடியாமல் கீழேயே செத்தார்கள். செத்தவரின் முறையைத் தங்களுக்குத் தரச் சொல்லிப் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். மற்றவர்கள் நகற்கூடத்துக்குப் போனார்கள்.

நகற்கூடத்தின் விதானத்தை வரைந்தவர்கள் ஐந்து பேர். அவர்களுக்குத் தலைமை நன்முல்லை. மற்ற நால்வரும் குகைக்குள் போய் வந்தவர்கள். அவளுக்கு மட்டும் போன நினைவில்லை. போனதாகப் பதிவு இருந்தது.

குகையைக் காக்கும் அதிகாரி வர நேரம் இருந்ததால் இருவரும் நகற்கூடத்தில் நின்றார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசல் அப்படியே இப்படித்தான், இம்மிகூட வித்தியாசம் இல்லை என்று ஓர் ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். நன்முல்லை தரையைப் பார்த்தாள்.

குளத்தின் வடகிழக்கு மூலையில், எருமைக்குப் பின்னால், இலைகள் அடர்ந்த ஓர் இடம் உண்டு. அசலில் அங்கே சுண்ணம் பூத்து நிறம் மங்கிவிட்டது. படமெடுத்த கருவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சையைக் காட்டின. உள்ளே போய் வந்த நால்வரும் நான்கு பச்சை சொன்னார்கள். கடைசியில் அவளே ஒன்றைத் தீர்மானித்துப் பூசினாள். இன்றைக்கு நாடு முழுவதும் பாடநூல்களில் இருப்பது அந்தப் பச்சை.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டிருந்தாள். அம்மா அசலைப் பார்த்தவள். ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லாததைச் சொல்ல மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இப்போது சரண்யா அந்த மூலையை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"சரியா இருக்கான்னு கேட்டேன். நல்லா இருக்கான்னு கேக்கல."

"அது எனக்குத் தெரியாதுடி."

சரண்யா அப்படித்தான். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்து நான்கு நாள் ஆனபோது, அரை டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநரை நிறுத்தி முழு டிக்கெட் கேட்டவள். நடத்துநர் சிரித்தார். பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம், கேட்காமலேயே, இவளுக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டாள் என்று சொன்னாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் அனுப்பவில்லை. தெருவில் அந்த வீட்டுக்கு அரிச்சந்திரன் வீடு என்று பெயர்.

மூச்சுக் கணக்குச் சட்டம் வந்தபோது, அதற்கு முன்னால் குகைக்குப் போனவர்கள் தாங்களாகவே சொல்ல வேண்டும் என்றார்கள். பழைய மூச்சுக்கு ரேகை இல்லை. வாய்ச்சொல்தான். திருச்சியில் அவர்கள் இருந்த தெருவே புதுக்கோட்டைப் பக்கம் போனதில்லை என்று சொல்லிவிட்டது. எதிர்வீட்டு ஜெயசுதா அத்தை குகைக்குள் எடுத்த படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, போனதேயில்லை என்று சொன்னாள். பிறகு தன் முறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாருக்கும் கதை சொன்னாள்.

சரண்யா உண்மையைச் சொன்னாள். நானும் போனேன், என் குழந்தையும் வந்தது என்றாள். கணவர் அன்றைக்கு வெளியே செருப்புக்குக் காவலாக நின்றார், அவர் வரவில்லை என்பதையும் சொன்னாள். கணக்கெடுக்க வந்த ஆள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். குழந்தைக்கு அப்போது என்ன வயது என்று கேட்டார். பதினோரு மாதம் என்றாள். அதை விட்டுவிடுங்கள் அம்மா, இடுப்பில் இருந்ததெல்லாம் கணக்கா என்றார் அவர்.

"இடுப்புலதான் இருந்துச்சு. மூச்சு விட்டுச்சே" என்றாள் சரண்யா.

அவர் எழுதிக்கொண்டார்.

ஏழாம் வகுப்பில் பள்ளியிலிருந்து குகைக்கு அழைத்துப் போனார்கள். எல்லாருக்கும் அது முதல் முறை. அதுவே கடைசி முறையும். வாசலில் நன்முல்லையின் பெயர் வந்ததும் அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். இந்தப் பெண் ஏற்கெனவே பார்த்துவிட்டது என்றார். வகுப்பு உள்ளே போனது. அவள் படியில் உட்கார்ந்து நாற்பது பைகளுக்குக் காவல் இருந்தாள். திரும்பி வந்த பிள்ளைகள் வழக்கமாகக் கத்துகிறவர்கள். அன்று யாரும் பேசவில்லை. மெதுவாக வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், பைகளை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரே கேள்வி கேட்டாள். எனக்காக உனக்கு ஒரு பொய் சொல்ல வராதா?

சரண்யா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அடுத்த தாளை எடுத்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கேள்வி வீட்டில் இருந்தது. அப்பா இறந்தபோது அவருடைய முறை செலவாகாமல் அவரோடு போனது. அன்றும் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

சென்ற ஆண்டு ஒரு தீர்ப்பு வந்தது. நினைவில் நிற்காத பார்வை பார்வையாகாது. சிறு குழந்தைகளாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் சோதனைக்கு வரலாம். மனத்தில் சுவடு இல்லையென்றால் அவர்களுக்கு முறை உண்டு. செய்தியைக் கொண்டுவந்து காட்டியவள் சரண்யா. விண்ணப்பித்தவளும் அவள்தான்.

அதிகாரியின் பெயர் இருதயராஜ். ஐம்பதைத் தாண்டியவர். தன் முறையை இன்னும் வைத்திருந்தார். மேலே விளக்குப் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, வெளியிலேயே நிற்பவர். இத்தனை வருடமாகவா என்று சரண்யா கேட்டாள். ஓய்வு பெறும் நாளுக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னார். பிறகு, பார்த்துவிட்டால் அப்புறம் இங்கே என்ன வேலை என்றும் சொன்னார்.

நகற்கூடத்தை வரைந்தவள் என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

நன்முல்லை நீண்ட நாள் கேட்க நினைத்ததைக் கேட்டாள். முகத்தை மூடிக்கொண்டு, மூச்சை ஒரு குழாயில் விட்டுக்கொண்டு போனால் என்ன?

"செஞ்சு பாத்தாங்கம்மா. மூச்ச அடைக்கலாம். தோல் வேர்க்குதே, அத எப்படி அடைக்கிறது? உடம்புச் சூடு இருக்கு. மனுசன் உள்ள போனாலே அதுக்குச் சேதாரந்தான். மூச்சுங்கிறது நாம எண்றதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான்."

மேசையிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை எடுத்தார். நெற்றியில் கட்டுவது, நடுவில் ஒரு சிறு விளக்கு. முன்பு அறிந்த ஒன்றைச் சந்திக்கும்போது மூளை ஒரு துள்ளல் துள்ளும், ஆளுக்கே அது தெரியாது, இதற்குத் தெரியும் என்றார். மற்றவர்களுக்கு வெளியே வராத படங்களைக் காட்டுவார்களாம். குகையின் மூலைகள், தூணின் பின்பக்கம், கூரையின் வெடிப்பு.

"உங்களுக்குப் படம் காட்டிப் பிரயோசனமில்ல. வெடிப்பு வரைக்கும் நீங்க வரைஞ்சு வச்சிருக்கீங்க. எதக் காட்டினாலும் விளக்கு எரியும்."

"அப்ப என்ன செய்றது சார்?"

"நீங்க வரைய முடியாதது ஒண்ணு இருக்கு. சத்தம்."

குகையின் உள்ளறை சிறியது, சதுரமானது. அதன் நடுவில் நின்று தாழ்ந்த குரலில் முனகினால் கல் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். நன்முல்லை அதைக் கேள்விப்பட்டிருந்தாள். நகற்கூடம் கண்ணாடி இழையால் செய்தது. அதில் அந்த ஒலி வரவில்லை. பதிவும் கேட்டதில்லையா என்று அவர் கேட்டார். கேட்டிருக்கிறேன், குளிர்பதனப் பெட்டி ஓடுவது போல் இருந்தது என்றாள்.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். பதிவில் அது வராது, காதில் கேட்கிற சங்கதி இல்லை அது, நெஞ்செலும்பில் கேட்பது என்றார். உள்ளறையில் ஒரு சிறிய ஒலிப்பெட்டி வைத்திருப்பதாகவும், அது தொடங்கி வைத்தால் மீதியைக் கல் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். வாசலில் உட்கார்ந்து கேட்டால் போதும். விளக்கு எரியாவிட்டால் அப்படியே உள்ளே போகலாம்.

"எரிஞ்சா?"

"எரிஞ்சா, பாத்துட்டீங்கன்னு அர்த்தம்."

மூவரும் படியேறினார்கள். பாறை சுட்டது. சரண்யா இரண்டு இடத்தில் நின்றாள். நன்முல்லை ஒவ்வொரு முறையும் நின்று காத்திருந்தாள், கை கொடுக்கவில்லை.

வாசலுக்கு முன்னால் தூண்களோடு ஒரு திறந்த மண்டபம். அதுவரை மூச்சுக்குக் கணக்கில்லை. இருதயராஜ் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. அனுமதி கிடைத்தால்தான் விளக்கு. இருட்டிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஈரமான சுண்ணாம்பு வாசனை. நன்முல்லை அதை இழுக்காமல் இருக்க முயன்றாள். மூன்றடி தள்ளி, இருட்டுக்கு மேலே, அந்தக் குளம் இருந்தது. அந்த மூலையும் இருந்தது.

வாசல் நிலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் நெற்றியில் பட்டையைக் கட்டினார். சரண்யா தூணோரம் நின்றாள், மடக்கிய குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் நினைத்தாள். பிறகு தரை மெதுவாக நெஞ்சுக்குள் ஏறி வந்தது. அந்த ஒலிக்கு ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஒரே இழை. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. அவளுடைய தோள்கள் இறங்கின. அவள் இறக்கவில்லை. கண்கள் மூடின. வலது கன்னம் எதன் மேலோ சாய்ந்திருப்பது போல இருந்தது. சூடான, சற்று வேர்த்த, துணி உறுத்தும் ஏதோ ஒன்று. அழுது ஓய்ந்த பின் தொண்டையில் வரும் விக்கல் ஒன்று எழுந்து, வராமல், அடங்கியது.

ஒலி நின்றது. கண்ணைத் திறந்தாள்.

இருதயராஜ் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது.

"எரிஞ்சிருச்சும்மா" என்றார்.

குன்றின் கீழே பிள்ளைகள் கத்துவது கேட்டது. அவர் பட்டையை அவிழ்க்கக் குனிந்தார்.

"சார்" என்றாள் சரண்யா. "அது என் சத்தம்."

அவர் திரும்பினார்.

"அவளத் தூங்க வைக்கிறப்ப நான் முனகுறது. தெனமும் அப்படித்தான் முனகுவேன். இதே மாதிரி. அதான் அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு. குகையக் கேட்டு இல்ல."

இருதயராஜ் நிமிர்ந்தார். முகம் தெளிந்தது. வேறு காரணம் இருக்குமானால் சந்தேகத்தின் பலன் விண்ணப்பித்தவருக்குத்தான் என்று தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது என்றார். இப்படி ஒரு காரணத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார். அம்மாவின் சொல் போதும், ஆனால் மகளும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே சுவரிலிருந்த விளக்கு விசையில் கையை வைத்தார்.

"ஆமாதானேம்மா?"

நன்முல்லை அம்மாவைப் பார்த்தாள்.

அவளைத் தூங்க வைத்தது அப்பா. மொட்டைமாடியில் தோளில் போட்டுக்கொண்டு, வானிலைச் செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டே நடப்பார். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றால் இன்றைக்கும் அவளுக்குக் கொட்டாவி வரும். அம்மா கீழே விடைத்தாள் திருத்துவாள். பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு வாயை மட்டும் அசைத்தவள் அம்மா. அதையும் தலைமையாசிரியரிடம் போய், எனக்குப் பாட வராது, வாயசைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அசைத்தாள்.

இப்போது சரண்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடையின் பிடியைப் பார்த்தாள். பிறகு தூணை. பொய் சொல்கிறவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அறுபத்திரண்டு வயதில் புதிதாகக் கற்றுக்கொள்வது அது.

இருட்டுக்குள் பச்சை காத்திருந்தது. ஒரு சொல் போதும். அதுவும் சின்னச் சொல்.

"எங்கம்மாவுக்கு முனகக்கூட வராது சார்" என்றாள் நன்முல்லை.

அவர் கை விசையிலேயே இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவதான் கேக்க முடியும்."

"யோசிச்சாச்சு."

அவர் கையை எடுத்தார். கதவைச் சாத்துவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். இருவரில் யாராவது எதையாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவர் போல.

இறங்கும்போது ஓரிடத்தில் படி உயரமாக இருந்தது. நன்முல்லை கையை நீட்டினாள். சரண்யா பிடித்துக்கொண்டு இறங்கினாள். சமதரை வந்த பிறகும் விடவில்லை.

நிறுத்தத்தில் நிழல் இல்லை. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

சாலையின் எதிர்ப்புறம் ஓர் ஆடு வேலியில் முன்னங்காலைப் போட்டு எம்பிக்கொண்டிருந்தது. சரண்யா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நீ அழுதுட்டே இருந்த. குளத்துக்குக் கீழ நின்னோம். எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க. நீ கண்ண இறுக்க மூடிக்கிட்டுக் கத்துற. எல்லாரும் என்னைய முறைக்கிறாங்க. உள்ளறையில ஆள் இல்ல. அங்க தூக்கிட்டுப் போனேன். எனக்குத்தான் பாட வராதே. சும்மா ம்ம்னு சொன்னேன். அந்தக் கல்லு வாங்கிக்கிருச்சு. எனக்கே பயமாப் போச்சு. நீ அப்படியே நிறுத்திட்ட. என் தோள்ல சாஞ்சு தூங்கிட்ட."

நன்முல்லை வலது கன்னத்தைத் தொட்டாள்.

"அப்ப நான் குளத்தப் பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"இத ஏன் சொல்லல? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"பாத்துச்சான்னு யாரும் கேக்கல. மூச்சு விட்டுச்சான்னுதான் கேட்டாங்க."

ஆடு வேலியைத் தாண்டிவிட்டது.

"அப்ப மேல நீ சொன்னது பொய்யில்ல" என்றாள் நன்முல்லை. "உன் சத்தந்தான். தூங்கவும் வச்சிருக்க."

"தெனமும்னு சொன்னேன். அது பொய்."

தொலைவில் பேருந்தின் ஒலி கேட்டது. வளைவில் இன்னும் தெரியவில்லை. நகற்கூடத்திலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்து வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் பூசிய பச்சையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

"இப்ப ஒரு தடவ முனகேன்மா."

சரண்யா வெட்கப்பட்டவள் போல உதட்டை மடித்தாள். சற்று நேரம் குன்றையே பார்த்தாள். குடையை மகள் பக்கம் சாய்த்தாள்.

"இங்க வராது" என்றாள். "அதுக்கு அந்தக் கல்லு வேணும்."